பழைய காமிராவும் நல்ல கைவினைஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் அறிஞர் பெருமக்கள் பேசி அமர்ந்த மேடை இது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஓர் இரயில்வே எழுத்தனையும் இதே மேடையில் ஏற்றி, 'உமக்குத் தெரிந்ததைச் சொல்லும்' என்று கூறிவிட்டார்கள். நாள்தோறும் பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்வதே என் தொழில். ஆகவே பெரிய பொருளைத் தொடும் துணிவு எனக்கு இல்லை. பழைய பிலிம் காமிரா ஒன்றைச் சீர்செய்ய நம்பிக்கைக்குரிய ஒரு கைவினைஞரை இத்தில்லி மாநகரில் நான் தேடிய கதையையும், அத்தேடலில் கற்றுக்கொண்டவற்றையும் சொல்லி அமர்கிறேன்.

'கைப்பேசியிலேயே படம் எடுக்கும் இந்நாளில் பிலிம் காமிரா எதற்கு?' என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் இம்மண்டபத்தில் உள்ளவர்களுள் பாதிப் பேர் வீட்டிலேனும் ஒரு பழைய காமிரா உறங்கிக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தார் செய்த அக்பா கிளிக் III என்னும் பெட்டி போன்ற காமிராவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள் எடுக்கும் காமிரா அது. அந்தப் பன்னிரண்டில் ஒன்று வீணானாலும் வீட்டில் அன்று சண்டைதான். ஜப்பானிய யாஷிகாவும், சோவியத்து நாட்டுச் செனித்தும் நம்மவர் இல்லங்களில் இருந்தன. நமது நீலகிரியிலேயே, உதகமண்டலத்தில், மத்திய அரசு 1960இல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967 முதல் பிலிம் செய்து, 'இந்து' என்னும் பெயரில் நாடெங்கும் அனுப்பியது. அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. எனினும் அயல்நாட்டுப் பிலிம் சுருள்கள் இன்றும் கிடைக்கின்றன. பெந்தாக்ஸ் நிறுவனத்தார் 2024இல் புதிதாகவே ஒரு பிலிம் காமிராவை வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே பிலிம் இன்னும் சாகவில்லை. அருகி வருபவர்கள், பழைய காமிராக்களைத் திறந்து மூடத் தெரிந்த மனிதர்களே.

இனி என் கதைக்கு வருகிறேன். என் தந்தையார் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 1967ஆம் ஆண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறித் தில்லிக்கு வந்து இரயில்வேயில் சேர்ந்தவர். 1974இல், ஊதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, ஒருவர் பயன்படுத்திய சோர்க்கி-4 என்னும் காமிராவை வாங்கினார். அது மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. 1925இல் ஜெர்மனியில் வெளிவந்த லைக்கா காமிராவின் வழிவந்தது. ஒரு விநாடி முதல் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அதன் ஷட்டரைத் திருப்பி வைக்கலாம். யூப்பிடர்-8 என்னும் நல்ல லென்ஸ் அதில் இருந்தது.

1976இல் என் அன்னையார் மணமாகித் தில்லிக்கு வந்த முதல் வாரத்தில், இந்தியா கேட்டின் முன்னே அவரை நிறுத்தி என் தந்தையார் எடுத்த படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. அந்தக் காமிராவில் எங்கள் குடும்பத்தை மட்டுமா எடுத்தார்? குடியிருப்பில் நடந்த ஒவ்வொரு சீமந்தத்திற்கும் ஆண்டு நிறைவிற்கும் அவரே படமெடுப்பவர். 1999இல் பணியிலிருக்கும்போதே அவர் காலமானார். அவர் இடத்திற்கே எனக்கு வேலை கிடைத்தது. காமிரா பரணுக்குச் சென்றது.

2021ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில் என் மகள் அதைப் பரணிலிருந்து எடுத்து, 'அப்பா, தாத்தாவின் காமிரா இப்போது வேலை செய்யுமா?' என்று கேட்டாள். ஆர்வ மிகுதியால் நான் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கடையின் பெயரை இங்கே கூறுவது முறையன்று. 'இரண்டே நாளில் தருகிறேன்' என்றார் கடைக்காரர். நான் இரசீது கேட்கவில்லை. ஒரு கூடை மாம்பழத்திற்கும் இரசீது எழுதாமல் நகர விடாத நான், என் தந்தையாரின் காமிராவிற்கு இரசீது கேட்கவில்லை! இரண்டு நாளில் காமிரா வந்தது. ஷட்டர் கிளிக் என்று ஒலித்தது. மகிழ்ச்சியோடு வீட்டிற்கு வந்தேன்.

ஒரு சுருள் எடுத்துக் கழுவிப் பார்த்தபோது எல்லாப் படங்களிலும் வெண்புள்ளிகள். எல்லாமே பனிமூட்டத்தில் எடுத்தவை போல மங்கல். அதன் பின்னரே ஐயம் தோன்றித் தந்தையாரின் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அவரும் இரயில்வேக்காரர் அல்லவா? வாங்கிய அன்றே காமிராவின் எண்ணையும் லென்ஸின் எண்ணையும் எழுதி வைத்திருந்தார். அந்தத் தொழிற்சாலைப் பொருள்களில் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் செய்த ஆண்டைக் குறிக்கும். குறிப்பேட்டில் இரண்டு எண்களும் 62 என்று தொடங்கின. என் கையில் இருந்த லென்ஸில் 59 என்று இருந்தது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே; ஆனால் அது எங்கள் லென்ஸ் அன்று. யாரோ நல்லதை எடுத்துக்கொண்டு பூஞ்சை படிந்த ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

ஓடினேன்; கேட்டேன். 'நீங்கள் கொடுத்தது இதுதான்' என்றார் கடைக்காரர். என்னிடம் இரசீது இல்லை, வாய் அடைத்துப்போயிற்று. வீட்டிற்கு வந்து அன்னையாரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. புதுப்பெண்ணாக அவர் நின்றதைக் கண்ட கண்ணாடி அது. பிறகு, 'இனிமேல் அதை யாரிடமும் கொடுக்காதே' என்று மட்டும் சொன்னார்.

அன்னையின் சொல் ஒரு பக்கம். ஊமையாகக் கிடக்கும் காமிரா ஒரு பக்கம். ஓராண்டுக் காலம் நான் அதைத் தொடவில்லை. ஆனால் அந்த ஓராண்டில் சும்மா இருக்கவும் இல்லை. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆராயாமல் ஒருவரை நம்பக் கூடாது. ஆராய்ந்து நம்பிய பின்னர் அவர்மீது ஐயம் கொள்ளவும் கூடாது என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. அரசன் அமைச்சனைத் தேர்ந்தெடுப்பதற்குச் சொன்ன அறிவுரை, பழுது பார்ப்பவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் பொருந்தும் என்று நான் கண்டுகொண்டேன்.

முதலில், யாரைக் கேட்பது? விற்பவரைக் கேட்டால் அவர் தம் நண்பரைச் சொல்வார். ஆகவே பழுது பார்க்கக் கொடுத்துத் திரும்பப் பெற்றவர்களையே கேட்டேன். பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஒருவர், திருமணப் படங்கள் எடுத்து முடியெல்லாம் நரைத்த ஒருவர், ஆக மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மூவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

செங்கோட்டைக்கு எதிரே சாந்தினி சௌக்கில் நுழைந்தால், கூச்சா சௌத்ரி என்னும் சந்து வரும். தில்லியின் காமிராச் சந்தை அதுவே. புதிய கருவிகளும் விளக்குகளும் அடுக்கிய கடைகளைக் கடந்து, விசாரித்துக்கொண்டே சென்று, ஒரு குறுகிய மாடிப்படியில் ஏறி, அப்பெரியவரைக் கண்டேன். எல்லோரும் அவரை 'உஸ்தாத்' என்றே அழைக்கிறார்கள். தம் பெயரை மலரில் அச்சிட வேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டார். 'கையில் இருக்கும் வேலைக்கே கண் போதவில்லை, பாபுஜி' என்பது அவர் கூறிய காரணம். அவர் விருப்பப்படியே பெயரை விடுக்கிறேன்.

நான் உடனே சோர்க்கியைக் கொண்டுபோகவில்லை. எங்கள் அலுவலகத்திற்கு வரும் தேர்ந்த வியாபாரிகள், புதிய ஊருக்குச் சரக்கு அனுப்பும்போது முதலில் ஒரு சிறு பெட்டியைத்தான் அனுப்பிப் பார்ப்பார்கள். அதுபோல, அண்டை வீட்டாரின் ஷட்டர் ஒட்டிக்கொண்ட அக்பா கிளிக்கை எடுத்துச் சென்றேன். உஸ்தாத் அதை என் கண்முன்னே திறந்தார்; துருவைத் துடைத்தார்; மூடினார். 'இதற்குக் காசு வேண்டா. தேநீர் வாங்கிக் கொடுங்கள்' என்றார். நான் பார்த்தது அவருடைய கைகளை மட்டுமன்று. மேசையில் கிடந்த காமிராக்களின் திருகுகளையும் பார்த்தேன். பொருந்தாத திருப்புளியால் திருகிய திருகின் தலை சிதைந்திருக்கும். அவர் மேசையில் ஒரு திருகின் தலையும் சிதைந்திருக்கவில்லை.

அதன் பின்னரே அன்னையாரிடம் அனுமதி பெற்றேன். எளிதில் கிடைத்த அனுமதி அன்று அது. 'இம்முறை எழுதி வாங்கிக்கொள்' என்று சொல்லியே கொடுத்தார்.

உஸ்தாத் சோர்க்கியைக் கையில் எடுத்தார். நான் வாய் திறப்பதற்கு முன்னரே, 'பாபுஜி, உடலும் லென்ஸும் ஒரே ஆண்டில் பிறந்தவை அல்ல. நீங்களே மாற்றினீர்களா?' என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எனக்கு நம்பிக்கை பிறந்தது. பிறகு காமிராவின் பின்புறத்தைத் திறந்து வெளிச்சத்தின் எதிரே பிடித்து எனக்கும் காட்டினார். ஷட்டர் என்பது இரப்பர் பூசிய துணித் திரைகள் இரண்டு. முதல் திரை ஓடி வழிவிட, இரண்டாவது திரை பின்தொடர்ந்து மூடும். அத்திரைகளில் ஊசி முனை அளவு துளைகள் விண்மீன்கள் போலத் தெரிந்தன. என் படங்களில் விழுந்த வெண்புள்ளிகளுக்குக் காரணம் அவையே. இரண்டு நாளில் 'சீர்செய்த' முந்தைய கடைக்காரர் அத்திரைகளைத் தொடவே இல்லை. பல்சக்கரங்களின் மீது பெட்ரோல் போன்ற ஏதோ ஒன்றை ஊற்றியிருந்தார். ஊற்றிய சில நாள்களுக்கு ஷட்டர் துள்ளி ஓடும். பழைய எண்ணெய் மீண்டும் இறுகியதும் நின்றுபோகும். இது பலரை ஏமாற்றும் வித்தை என்றார் உஸ்தாத்.

மெதுவேகச் சக்கரம் ஒன்றில் ஒரு பல் முறிந்திருந்தது. 'முதலில் ஷட்டரை ஏற்றிவிட்டு, அதன் பிறகே வேகத்தைத் திருப்ப வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் இக்காமிராவின் உள்ளே ஏதேனும் முறியும். யாரோ அப்படித் திருப்பியிருக்கிறார்கள்' என்றார். நான் தலை குனிந்தேன். ஏனெனில் அந்த 'யாரோ' நானாகவே இருக்கலாம்.

'துணியை மாற்றிவிடலாம். சக்கரத்திற்கு வேறொரு பழைய காமிரா கிடைக்க வேண்டும். கிடைத்தால் போடுவேன், கிடைக்காவிட்டால் மெதுவேகம் இல்லாமலே பயன்படுத்துங்கள். மூன்று மாதம் ஆகும்' என்றார். இரண்டு நாள் என்று சொன்னவரிடம் ஏமாந்த எனக்கு, மூன்று மாதம் என்ற சொல் இனித்தது. அவரிடம் இரசீதுப் புத்தகம் இல்லை. ஆகவே நானே ஒரு தாளில் காமிராவின் எண், லென்ஸின் எண், இருக்கும் குறைகள், செய்ய வேண்டிய வேலை யாவற்றையும் எழுதினேன். அவர் சிரித்துக்கொண்டே உருதுவில் கையொப்பமிட்டார்.

கூலியைக் கேட்டபோது, ஏதேனும் குறைக்கலாகாதா என்று வழக்கம்போல் பேரம் பேசினேன். 'பாபுஜி, உங்கள் அலுவலகத்தில் நான் பார்சல் அனுப்ப வந்தால், எடைக்குரிய கட்டணத்தில் எனக்கு ஏதேனும் குறைப்பீர்களா?' என்று கேட்டார். அதன் பிறகு நான் பேசவில்லை.

மூன்று மாதம் நான்கு மாதமாயிற்று. காமிரா வந்தது. அதனோடு ஒரு சிறு காகிதப் பொட்டலமும் வந்தது. உள்ளே பழைய துணித் திரைகளும், பல் முறிந்த சக்கரமும் இருந்தன. 'எடுத்ததை உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று என் ஆசான் சொல்லியிருக்கிறார்' என்றார். நான் கேளாமலே இன்னொன்றும் சொன்னார்: 'ஒரு விநாடி வேகம் சற்று நீளமாகவே ஓடுகிறது. என்னால் இவ்வளவுதான் இயன்றது.' தன் வேலையின் குறையைத் தானே சொல்லும் கைவினைஞரை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். அந்த அயல் லென்ஸையும் பூஞ்சை நீக்கித் துடைத்துக் கொடுத்தார்.

அன்பர்களே, இவ்வனுபவத்திலிருந்து நான் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, இன்றிரவே உங்கள் பழைய காமிராவை எடுத்து, அதன் எண்ணையும் லென்ஸின் எண்ணையும் எழுதி வையுங்கள். லென்ஸின் ஒரு புறம் கைவிளக்கின் ஒளியைச் செலுத்தி மறுபுறம் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊரின் கடற்காற்றில் வளர்ந்த காமிராக்களுக்கு இந்நோய் மிகுதி. தில்லியிலும் மழைக்காலத்தில் தோல் உறைக்குள் மூடி வைத்தால் வரும்.

இரண்டாவது, கொடுக்கும்போது எழுதிக் கொடுங்கள், கையொப்பம் பெறுங்கள். நாணயமானவர் அதற்காகச் சினம் கொள்ள மாட்டார்.

மூன்றாவது, விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். சான்றாக, 1966இல் வெளிவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 காமிராவிற்குப் பாதரச மின்கலம் வேண்டும். பாதரசத்தின் தீமை கருதி அவ்வகை மின்கலங்களைக் கைவிட்டுவிட்டார்கள். 'இப்போது என்ன போடுவது?' என்று கேட்டால், தெரிந்தவர் மாற்று மின்கலத்தையும் அதற்கான பொருத்துவளையத்தையும் விளக்குவார். தெரியாதவர் 'எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்பார்.

நான்காவது, 'இது என்னால் முடியாது' என்று சொல்லக்கூடியவரையே நம்புங்கள். எல்லாம் முடியும் என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

ஐந்தாவது, திரும்பப் பெற்றதும் ஒரு சுருள் எடுத்துப் பார்க்காமல் திருமணத்திற்கோ யாத்திரைக்கோ கொண்டுபோகாதீர்கள்.

நம் கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாமும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மைந்தர், காட்டுயிர் ஆய்வாளர் மா. கிருஷ்ணன் பல காமிராக்களின் உறுப்புகளைத் தாமே ஒன்று சேர்த்து ஒரு காமிராவை அமைத்து, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, அதைக் கொண்டே யானைகளைப் படமெடுத்தார். நாம் அவ்வளவு செய்ய வேண்டா. அறிந்தவர் போலப் பேசும் அளவிற்கேனும் கற்கலாம். குருகிராமில் படப்பிடிப்பாளர் ஆதித்ய ஆர்யா 2019இல் திறந்த மியூசியோ காமிரா அருங்காட்சியகத்திற்குக் குழந்தைகளை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். பழைய காமிராக்கள் பலவற்றை அங்கே வரிசையாகக் காணலாம்.

இறுதியாக ஒன்று. நாணயமானவர் கிடைப்பதில்லை என்று நாம் குறைகூறுகிறோம். நாணயமானவருக்கு நாம் நாணயமாக நடந்துகொள்கிறோமா? உஸ்தாதிடம் இன்று தொழில் கற்கும் சீடர் ஒருவரும் இல்லை. அவருடைய மகன் கைப்பேசி விற்கிறார். 'நான்கு மாத வேலைக்கு நான்கு நாள் கூலி கேட்டாலே பேரம் பேசுகிறார்கள். என் மகனை எப்படி இதில் உட்கார வைப்பேன்?' என்று அவர் கேட்டபோது, பேரம் பேசிய என் நா கூசியது. அவருடைய கண்ணும் கையும் ஓயும் நாளில், அந்த மாடிப்படியோடு அக்கலையும் மூடப்படும்.

ஆகவே நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். காமிரா மட்டுமன்று, வீணைக்கு மெழுகுச்சட்டம் கட்டுபவர், ஆர்மோனியம் பழுது பார்ப்பவர், சுவர்க் கடிகாரம் திறக்கத் தெரிந்தவர் என்று, நாம் வேலை கொடுத்து நாணயம் கண்டவர்களை, அவர்களுடைய இசைவோடு அதில் எழுதுவோம். புதிதாகத் தில்லிக்கு வரும் தமிழர் என்னைப்போல ஏமாற வேண்டியதில்லை. நல்ல கைகளுக்கு வேலையும் குறைவின்றிக் கிடைக்கும். பதிவேட்டை எழுதிப் பேணும் வேலையை நான் ஏற்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

2023ஆம் ஆண்டு குளிர்காலத்தில், சீரான சோர்க்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்னையாரையும் மகளையும் இந்தியா கேட்டிற்கு அழைத்துச் சென்றேன். மகள்தான் படம் எடுத்தாள். பழைய லென்ஸ் திரும்பவில்லை. இனித் திரும்பப்போவதும் இல்லை. புதிய படத்தில் அன்னையார் வெயிலுக்குக் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். 1976ஆம் ஆண்டுப் படத்திலும் அப்படியேதான் நிற்கிறார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.